தேவி பேரில் எரிந்த வெளிச்சம்

எனக்குக் கோபம் அதிகம் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் சார்லஸ் அதைப் பங்குச் சாமியார் வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. இதைப் படித்துவிட்டு, கோபப்படாமல் வேறு என்ன செய்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் என் நாத்தனார் ரோசம்மாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சார்லஸுக்கு அக்கா, எனக்கு அண்ணி. எங்கள் ஊர் பாகூருக்குத் தெற்கே, வயலும் கரும்புமாகப் போய் ஒரு வாய்க்காலில் முடிகிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். பெண் கொடுப்பவர்களும் எடுப்பவர்களும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டா இருப்பார்கள்? அண்ணியை அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் செத்த பிறகு, பிள்ளையில்லாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று மாமியார் வீட்டில் கேட்டார்கள். ஒரு துணிப்பையோடு வாய்க்காலைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆள் வந்துவிட்டாள், விலாசம் வரவில்லை. ஆதாரும் ரேஷன் அட்டையும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. அட்டையில் அண்ணியின் பெயரை எடுத்தால் அரிசி குறைந்துபோகும் என்று கொழுந்தன்காரன் அதைக் கண்ணில் காட்டவே இல்லை. சார்லஸ் போய்க் கேட்டார், நான் போய்ச் சண்டையே போட்டேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி. சத்தத்தைக் கூட்டினான். இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் அண்ணிக்கு இந்த ஊரில் எதிலும் பெயர் கிடையாது.

ஆனால் எல்லார் பெயரிலும் அவள்தான் போவாள். எங்கள் தெருப் பெண்கள் நடவுக்குச் செட்டாகப் போகிறவர்கள். செட்டில் ஒருத்தியால் வர முடியவில்லை என்றால் தன் இடத்துக்கு இன்னொருத்தியை அனுப்புவாள். அப்படிப் போகிறவளுக்கு மாத்தாள் என்று பெயர். வயல்காரர் தலையை எண்ணுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். நடவு ஒழுங்காக முடிந்ததா, அவ்வளவுதான் பேச்சு. அண்ணி எங்கள் செட்டின் நிரந்தர மாத்தாள். வயலோடு அது நிற்கவில்லை. எதிர் வீட்டுத் தேவியின் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால்கூட அண்ணிதான் போய் டீச்சரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவாள். அவள் அதைப் பெருமையாகவே நினைத்திருந்தாள்.

நான் வீட்டிலேயே தையல் போட்டிருக்கிறேன். ஆளின் உடம்பு கண்ணாடிக்குத் தெரிவதற்கு முன்னால் தையல்காரிக்குத் தெரிந்துவிடும். போன மார்கழியில், கிறிஸ்மஸுக்கு அண்ணிக்கு ஜாக்கெட் தைக்க அளவு எடுத்தபோது எனக்குப் பிடிபடவில்லை. கை இளைத்துத் தொளதொள என்றிருந்தது. இடுப்பிலோ பாவாடை நாடா பத்தவில்லை.

"இன்னா அண்ணி, கை ஒரு பக்கம் இளைக்குது, வயிறு ஒரு பக்கம் ஊதுது?" என்றேன்.

"கேஸ் டி. ரெண்டு வாய் தின்னா ரொம்பிப் போவுது. வயசாவுதில்ல," என்றாள்.

ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். நாடாவை நீளமாகப் போட்டுக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னபோதெல்லாம் நடவு முடியட்டும் என்றாள். நடவு முடிந்ததும் களையெடுப்பு முடியட்டும் என்றாள்.

பொங்கல் முடிந்ததும் மகளிர் குழுத் தலைவி கல்பனா வீடு வீடாக வந்தாள். "சென்னையிலேர்ந்து ஒரு கம்பெனி வருது. புது மெஷின். ஒரு சொட்டு ரத்தம் வுட்டா லைட்டு எரியுமாம். பொம்பளைங்களுக்கு வயித்துல வர்ற கேன்சரக் கண்டுபுடிச்சுடுமாம்," என்றாள்.

அண்ணி உடனே எழுந்து வந்தாள். "என்னையும் எழுதிக்க."

"உன்னுது கடலூர் ஆதாராச்சேக்கா. புதுச்சேரி விலாசம் இருக்கறவங்களதான் எடுப்பாங்களாம்."

அண்ணி திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பதில் அவளுக்குப் பழகிப்போனது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றில் வருவது வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டா வரும்? கல்பனாவிடம் கேட்டேன். நான் என்ன பண்ணுவேன், மேலே சொன்னது அதுதான் என்றாள்.

முகாமன்று காலையில் தேவி ஓடிவந்தாள். அவள் ஒரு சோப்புக் கம்பெனியில் காண்டிராக்டில் வேலை செய்கிறாள். திடீரென்று ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். பேர் கொடுத்தவர்களில் ஒருத்தி குறைந்தாலும் கல்பனா தெருவையே கூட்டிவிடுவாள். தேவி தன் ஆதார் அட்டையை அண்ணி கையில் வைத்தாள். "யக்கா, என் பேர்ல போய்ட்டு வந்துடு. டப்பா ஏதோ தராங்களாம், அத நீயே வெச்சுக்க."

அண்ணி புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் சொன்னாள்: "யார் பேர்ல எடுத்தா இன்னா, ரத்தம் என்னுதுதானே. இருந்தா தெரிஞ்சுடுமில்ல."

என்றைக்கும் செய்வதைத்தான் அவள் அன்றைக்கும் செய்தாள். ஆனால் இந்தத் தடவை தேவிக்காக மட்டும் போகவில்லை, தனக்காகவும் போனாள். தேவிக்கு அது தெரியாது.

சற்று நேரத்தில் கல்பனா மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்து நின்றாள். சமுதாயக் கூடத்தில் ஜன்னல் வழியாக வெயில் கொட்டுகிறது, மெஷினுக்கு இருட்டு வேண்டுமாம், கறுப்புத் துணி இருக்கிறதா என்று கேட்டாள். பாகூர்க்காரம்மா ஒருத்தி கோட்டுக்கு உள்துணி வைத்துத் தைக்கக் கொடுத்திருந்த கறுப்புத் துணி இருந்தது. அதையும் குண்டூசி டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். அதனால்தான் நான் அந்த அறைக்குள் இருந்தேன். இல்லையென்றால் என் கண்ணால் பார்த்திருக்க மாட்டேன்.

மெஷின் என்றால் பெரிதாக எதுவுமில்லை. செருப்பு வரும் அட்டைப் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதன்மேல் ஒரு செல்போன். அதைப் பார்த்துக்கொண்டவர் தமிழ்க்குமரன் என்கிற பையன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், டாக்டர் பட்டம் வாங்கினவராம். மரியாதையான பையன், அதில் குறை சொல்ல மாட்டேன். நான் ஜன்னலில் துணியைக் குத்திக்கொண்டே கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"சிம் கார்டு மாதிரி ஒரு தகடுங்க. அதுமேல கொக்கி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கோம். கட்டி இருந்தா ரத்தத்துல ஒரு புரதம் அதிகமா வரும். அது கொக்கில மாட்டிக்கும். அதுமேல ஒரு சாயத்த ஏத்தி, லேசா கரண்ட் குடுத்தா வெளிச்சம் விடும். புரதம் எவ்வளவோ அவ்வளவு வெளிச்சம். கேமரா அத அளந்துடும்."

எனக்குக் கேட்கவே நன்றாக இருந்தது. இவ்வளவு சின்னப் பெட்டியில் இவ்வளவு இருக்கிறதே என்று நினைத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெட்டியின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கூட வந்திருந்த ஒரு பெண், விரலைப் பிடித்து ஊசியால் குத்தி, ஒரு சொட்டை எடுத்துத் தமிழ்க்குமரனிடம் கொடுத்தாள். செல்போனில் இருட்டுதான் தெரிந்தது. சிலருக்கு நடுவில் லேசாக மங்கல். அண்ணியின் முறை வந்தது. அந்தப் பெண் அட்டையை வாங்கினாள், எண்ணைப் போனில் தட்டினாள், விரலை வாங்கினாள், குத்தினாள். தலை நிமிரவே இல்லை. அட்டையில் தேவிக்கு முப்பத்தாறு வயது. எதிரில் இருந்தவள் தலையெல்லாம் நரைத்தவள்.

பெட்டியை மூடியதும் செல்போனின் நடுவில் ஒரு புள்ளி எழுந்தது. ஊதிவிட்ட அடுப்புக் கங்கு மாதிரி, சிவப்பும் மஞ்சளுமாக. மங்கல் இல்லை. தமிழ்க்குமரன் குனிந்தவர் அப்படியே நின்றார். இன்னொரு தகட்டில் விட்டுப் பார்த்தார். மறுபடியும் கங்கு. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் போனைப் படம் பிடித்தாள். இருவர் முகத்திலும் சந்தோஷம் தெரிந்தது. அண்ணி அதற்குள் வெளியே போய் டப்பா வாங்க வரிசையில் நின்றுவிட்டாள்.

"இன்னா சார், இது இவ்ளோ பிரகாசமா கீது?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. ரிசல்ட் யாருக்கும் சொல்றதில்ல."

"சொல்றதில்லன்னா இன்னாத்துக்கு எடுக்கறீங்க?"

"மெஷின் சரியா வேலை செய்யுதான்னு பார்க்கறதுக்குங்க. இதெல்லாம் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கோம்."

"அப்ப இது மெஷினுக்கு டெஸ்ட்டா, எங்களுக்கு டெஸ்ட்டா?"

அவர் சிரித்தார். "மொதல்ல மெஷினுக்குத்தாங்க."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "படிச்ச புள்ளைங்க. பாத்துட்டு சொல்லாமயா பூடுவாங்க? ஏதாச்சும்னா கூப்புடுவாங்க," என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று நான் கத்தினேன். கூப்பிடட்டும் என்று அவள் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அவர்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

தவக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்குக் கிளம்பும் நேரத்தில், தேவி கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா, கார் அனுப்பி என்ன டவுனுக்குக் கூட்டும்போனாங்க. பெரிய ஸ்கேன். காசே வாங்கல. எல்லாம் நார்மலாம், கிளீனா கீதாம். ஹார்லிக்ஸ் வேற குடுத்தாங்க."

"யாரு கூட்டும்போனது?"

"அதான், லைட்டு கம்பெனி. குலுக்கல்ல என் பேர் வுழுந்துச்சு போல. நம்ம ஊர்ல என்ன மட்டுந்தான் கூப்ட்டாங்க."

தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷினை நிறுத்தினேன். குலுக்கல் எங்கே வந்தது? அண்ணியின் வெளிச்சம் சரிதானா என்று ஒத்துப்பார்க்கத் தேவியைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். தேவிக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் மெஷின் தப்பு என்று எழுதி மூடியிருப்பார்கள். கட்டியோடு இருப்பவள் என் வீட்டு அடுப்படியில் நின்று நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாளே தேவியை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். கம்பெனிக்காரர்கள் வில்லியனூர் பக்கம் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தேவி வழியெல்லாம் அழுதாள். ஆதாரை அடுத்தவளிடம் கொடுத்ததற்குப் போலீஸ் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகாமில் கொடுத்த எவர்சில்வர் டப்பாவைத் துலக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. அண்ணி அதை அன்றைக்கே அவளிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

தமிழ்க்குமரன் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"அன்னிக்கு எரிஞ்ச வெளிச்சம் இவுளுது இல்ல சார். எங்க அண்ணியுது. இவ பேர்ல அவங்க வந்தாங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. தேவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. நான் பார்த்தேன், கண்ணுக்கு நேராக மலர்ந்தது. பக்கத்து மேஜையிலிருந்த அந்தப் பெண்ணிடம் திரும்பி, "அப்ப அது ஃபால்ஸ் பாசிட்டிவ் இல்ல. நம்ம சிப் கரெக்டாதான் காட்டியிருக்கு," என்றார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் முகத்தில் அறைய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அன்றைக்குத் தோன்றின மாதிரி என்றைக்கும் தோன்றியதில்லை.

"எங்க அண்ணி செத்துடுவாங்களா சார்?" என்றேன்.

அவர் முகம் மாறியது. நிஜமாகவே வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "மன்னிச்சுக்கங்க. வெளிச்சம் வந்தாலே கேன்சர்னு கிடையாதுங்க. வேற காரணமும் இருக்கலாம். ஸ்கேன் பார்த்தாதான் தெரியும்."

"அப்ப காரு அனுப்புங்க. இவுளுக்கு அனுப்புனீங்களே."

"அனுப்பலாம். அவங்க ஆதார் நம்பர் சொல்லுங்க."

"கடலூர் மாவட்டம்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். சென்னைக்குப் போன் போட்டார். வராந்தாவில் நடந்துகொண்டே நிறைய நேரம் பேசினார். திரும்பி வந்தபோது மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்களுக்குப் பர்மிஷன் புதுச்சேரி ஆளுங்களுக்கு மட்டும்தாங்க. அவங்க எங்க ஆராய்ச்சியிலேயே இல்ல. இல்லாத ஒருத்தருக்கு நாங்க ஸ்கேன் எடுக்க முடியாதாம். அந்த சாம்பிளையே நீக்கிடச் சொல்லிட்டாங்க."

"நீக்கறதுன்னா?"

"கணக்குல வராது. எடுக்காத மாதிரி."

"அது எங்க அண்ணி ரத்தம் சார்."

"புரியுதுங்க. ஆனா ஆள் மாறாட்டம் நடந்திருக்கு. தப்பு உங்க பக்கமும் இருக்கில்லீங்களா?"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மாடியிலிருந்து கீழே மெடிக்கல் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஆள் மாறாட்டமா? வெரலப் புடிச்சு ஊசி குத்துனீங்களே, ஒருத்தராச்சும் தலய நிமுத்தி மூஞ்சியப் பாத்தீங்களா? கிழவி மாதிரி ஒருத்தி வந்து குந்துறா, கார்டுல சின்னப் பொண்ணு போட்டோ கீது. அதுகூடத் தெரியாத உங்களுக்கு வயித்துக்குள்ள இருக்கறது தெரிஞ்சுடுமா? மொத நாளே அண்ணி பேர எழுதிக்கச் சொல்லிக் கேட்டாங்க. வாய்க்காலுக்கு அந்தாண்டன்னு நீங்கதான் தள்ளுனீங்க. இந்தாண்ட வந்து ரத்தம் குடுத்தா ஆள் மாறாட்டம்னு தள்றீங்க. கங்கு மாதிரி எரிஞ்சத ரெண்டு பேரும் போட்டோ புடிச்சு சந்தோஷப்பட்டீங்களே, அந்த வெளிச்சம் யாருதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டனா?"

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். தமிழ்க்குமரன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். தேவி டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். படியிறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய், "ஜன்னல்ல கட்டுன என் கறுப்புத் துணி எங்க?" என்று கேட்டேன். அதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது எங்கள் மாத்தாள் வழக்கத்தையும் நினைத்துப் பார்த்தேன். நடவில் முகத்தைப் பார்க்காமல் தலையை எண்ணினால் நஷ்டமில்லை. யார் கை வைத்தாலும் நாற்று ஒன்றுபோலத்தான் பிடிக்கும். ரத்தம் அப்படி இல்லை என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாம். அதையே படிப்பாகப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் அண்ணி, "அதான் கணக்குலயே இல்லன்னுட்டாங்கல்ல, மெஷினு தப்பா காட்டியிருக்கும், வுடேன் டி," என்றாள். மெஷின் சரி, மனுஷங்கதான் தப்பு என்று சொல்லி, சார்லஸின் வண்டியில் பின்னால் உட்காரவைத்து, நானும் அவளுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு ஏறி, புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். முதலில் அண்ணியைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். அப்புறம்தான் பேரே கேட்டார். "ரோசம்மாள்," என்று சொன்ன அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள், சொல்லலாமா என்று கேட்பதுபோல.

சினைப்பையில் கட்டி. ஆபரேஷன் என்றார்கள். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது, நான் சொல்வதற்கு முன்னால் தேவி ரத்த வங்கி வாசலில் நின்றாள். பேர் என்ன என்று கேட்டார்கள். "தேவி. என் பேர்தான், என் ரத்தம்தான்," என்று ஆதாரை எடுத்து நீட்டி, முகத்தையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். கட்டியை எடுத்துவிட்டதாகவும், ஆனால் வெளியே கொஞ்சம் பரவ ஆரம்பித்திருப்பதாகவும், கீமோ கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"பொங்கலுக்கே வந்திருந்தா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அப்படித் திட்டமா சொல்ல முடியாதும்மா," என்றார். ஃபைலை மூடி வைத்துவிட்டு, "முன்னாடி வந்திருந்தா நல்லாதான் இருந்திருக்கும்," என்றார்.

சார்லஸ் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொங்கலிலிருந்து தவக்காலம் வரைக்குமான நாட்கள் எல்லாம் கண்முன் வந்தன. அந்த நாட்களில் அந்தக் கங்கின் படம் அவர்கள் போனில் இருந்தது. எத்தனை பேருக்குக் காட்டினார்களோ. அண்ணிக்கு மட்டும் யாரும் காட்டவில்லை.

கீமோவில் அண்ணிக்கு முடி கொட்டிப்போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. நடவுக்குப் போகிறவர்கள் காலையில் வாசலில் நின்று, "யக்கா, உனக்கு மாத்தாளா இன்னிக்கு யாரு வர்றது?" என்று கேலி பேசிவிட்டுப் போவார்கள். அவளும் சிரிப்பாள். செட்டில் அவளுக்கென்று ஓர் இடம் என்றைக்கும் இருந்ததில்லை, ஆனாலும் கேட்டார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் தமிழ்க்குமரன் வந்தார். தனியாகத்தான் வந்தார். கையில் ஒரு பையும், தோளில் அந்தப் பெட்டியும். பையிலிருந்து என் கறுப்புத் துணியை எடுத்துக் கொடுத்தார். துவைத்து இஸ்திரி போட்டு மடித்திருந்தது. பாகூர்க்காரம்மாவுக்கு நான் எப்போதோ வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்துவிட்டேன். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன், நாற்காலியும் போட்டேன்.

அண்ணி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளிடம்தான் பேசினார். முதல் தடவையாக முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அம்மா, நான் மேல போராடி, கடலூர் மாவட்டத்துக்கும் பர்மிஷன் வாங்கிட்டேன். இப்ப நீங்களும் ஆராய்ச்சியில சேரலாம். ஒரு சொட்டு ரத்தம் குடுத்தீங்கன்னா போதும். அன்னைக்கு எரிஞ்ச ரத்தம் இன்னும் எங்ககிட்ட இருக்கு, அது உங்களோடதுதான்னு ஒப்பிட்டுக் காட்டிடலாம். மெஷின் சரின்னு நிரூபணம் ஆயிடும். நாளைக்கு நிறைய பொம்பளைங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அது எனக்கும் தெரிந்தது. பிரயோஜனமாகத்தான் இருக்கும். அண்ணி கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு வலது கையை நீட்டினாள். அவர் அவசரமாகப் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார்.

"ஏம்பா, அது என் வயித்துலேர்ந்து போயிடுச்சா, இன்னும் கீதான்னு இந்த லைட்டப் பாத்தா தெரியுமா?" என்றாள் அண்ணி.

"ஓரளவு தெரியும்மா. குறைஞ்சிருந்தா மங்கலா இருக்கும். மறுபடியும் வந்திருந்தா பிரகாசமா இருக்கும்."

"பிரகாசமா இருந்தா எனக்குச் சொல்லுவியா?"

அவர் எடுத்த ஊசியைப் பெட்டிமேல் வைத்தார். பொய் சொல்லத் தெரியாத பையன். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

"சொல்ல அனுமதி இல்லம்மா. ஆராய்ச்சி முடியறவரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு விதி," என்றார்.

அண்ணி நீட்டின விரலை மடக்கிக்கொண்டாள். கையை மடியில் வைத்து, அதன்மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"அப்பன்னா எதிர் வூட்டுக்குப் போப்பா. தேவி ஷிஃப்ட் முடிஞ்சு வந்திருப்பா. அவகிட்ட எடுத்துக்க. வெளிச்சம் அவ பேர்லதான எரிஞ்சுது."

தமிழ்க்குமரன் என்னைப் பார்த்தார். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார். கறுப்புத் துணியை விரித்து, அண்ணியின் தலைக்குக் குல்லா தைக்க அளவு பார்க்க ஆரம்பித்தேன்.